எருமை பளபளத்த நாள்

எங்கள் காரை அம்மா எருமை என்றுதான் சொல்வாள். கறுப்பு அம்பாசிடர். அப்பாவிடம் வருவதற்கு முன்பு யார் யாரிடமோ இருந்து, வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து, நிறம் வெளிறிப்போய், தொட்டால் கையில் கரி ஒட்டுகிற நிலையில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. எண்பதுகளில் அதியமான்கோட்டையில் கார் நிற்கும் வீடுகள் குறைவு என்பதால், ஊரில் பாதிப் பேர் எங்களைப் பெரிய மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது வாடகைக் கார். அப்பாதான் டிரைவர். கல்யாணம், பிரசவம், கடத்தூர்ச் சந்தை என்று யார் எதற்குக் கூப்பிட்டாலும் போவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் யாருக்கும் வண்டி கிடையாது. அன்று எங்களை ஏற்றிக்கொண்டு தருமபுரி சர்ச்சுக்குப் பூசைக்குப் போவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எப்போதும் கடைசியாகத்தான் வெளியே வருவாள். வீட்டில் இருந்தது சின்னதாக ஒரு சுவர்க்கண்ணாடி. அதில் அப்பா சவரம் செய்து, எங்களோடு இருந்த அத்தை தலைவாரி, எனக்கும் சடை பின்னி முடித்து, அம்மாவின் முறை வருவதற்குள் அப்பா ஹாரனை அடித்துவிடுவார். அதனால் பூவைச் சரியாகச் செருகுவதும் முந்தானையை இழுத்துவிடுவதும் கார்க் கதவுக்கு முன்னால்தான் நடக்கும். வெளிறிய கறுப்பில் என்ன தெரியும்? குனிந்து பார்த்துவிட்டு, "எருமை முதுவுல மூஞ்சி பாக்கணும்னு என் தலையில எழுதியிருக்குது" என்பாள். ஆளுயரக் கண்ணாடி ஒன்று வேண்டும் என்று அவள் கேட்பதும், "எதுக்கு? இந்த வண்டியவே கண்ணாடியாட்டம் தேச்சுத் தரேன், இரு" என்று அப்பா சொல்வதும் வாராவாரம் நடக்கும். சொன்னாரே தவிர ஒரு நாளும் தேய்த்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவின் கன்னத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் பல்வலி என்றார்கள். பிறகு பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அம்மாவுக்குக் கரண்ட் வைக்கிறார்கள் என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டேன். கதிர்வீச்சு கொடுப்பதை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரியாமல், கன்னத்தில் பிளக்கைச் செருகுவார்கள் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் விளக்கு அணையும்போதெல்லாம் அங்கேயும் கரண்ட் போயிருக்குமோ, அம்மாவை அப்படியே பாதியில் விட்டிருப்பார்களோ என்று, விளக்கு மறுபடி எரியும்வரை தூங்கமாட்டேன். என்னை ஒருமுறைகூட அங்கே அழைத்துப் போகவில்லை.

ஒரு நாள் அப்பா பெங்களூரிலிருந்து தனியாகத் திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அத்தையிடம், "இனி வூட்டுலயே வெச்சுப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. சனிக்கெழம கூட்டியாந்துடறேன்" என்றார். நான் குதித்தேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு அப்படியொரு பழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் சடை பின்ன வந்து நின்றால் சுவரில் கண்ணாடி இல்லை. ஆணி மட்டும் இருந்தது, அதன் கீழே சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு சதுரம். கேட்டதற்கு, "ரசம் போயிடுச்சு பாப்பா. பூசக் குடுத்திருக்குது" என்றாள் அத்தை. அவள் பெட்டியிலிருந்த கைக்கண்ணாடியும் காணோம். அதற்கும் ரசம் போய்விட்டதாம். எவர்சில்வர் தட்டுகளும் சொம்புகளும் பரணுக்கு ஏறின, அலுமினியப் பாத்திரங்கள் கீழே இறங்கின. காருக்குள் டிரைவர் பின்னால் பார்ப்பதற்கென்று இருக்குமே, அந்தச் சின்னக் கண்ணாடியைக்கூட அப்பா கழற்றி ராகி மூட்டைக்குப் பின்னால் செருகி வைத்தார். பின்னால் லாரி வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஹாரன் அடிப்பான்" என்றார்.

இத்தனையும் யோசித்துச் செய்த மனிதர்தான் அன்று மத்தியானம் காரைத் தேய்க்க உட்கார்ந்தார்.

முந்தைய நாள் பெங்களூரிலிருந்து வரும் வழியில் ஓசூரில், கார்களுக்கு பெயின்ட் அடிக்கும் பட்டறையில் இருந்த ஒரு சிநேகிதரிடம் கேட்டு எல்லாம் வாங்கி வந்திருந்தார். ஒரு டப்பாவில் மண் நிறத்தில் களிம்பு, இன்னொரு டப்பாவில் மெழுகு பாலீஷ், கார் சீட்டுக்குள் வைக்கிற ஸ்பாஞ்சில் இரண்டு தினுசாக இரண்டு பெரிய துண்டுகள். துணியால் தேய்த்தால் கோடு விழும், ஸ்பாஞ்சுதான் சரி என்று அந்தச் சிநேகிதர் சொல்லியிருக்கிறார். என் அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வைத்து, பென்சிலால் வட்டம் போட்டு, சவர பிளேடால் அப்பா அறுத்தார். வட்ட வட்டமாக, கனமான தோசை போல வந்தது. முரட்டு ஸ்பாஞ்சு களிம்புக்கு, மெத்தென்றது மெழுகுக்கு. ஒன்றை இன்னொன்றோடு கலக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, களிம்பைப் புளியங்கொட்டை அளவு தொட்டுக்கொண்டு, கதவில் ஒரு முழ இடத்தை எடுத்துக்கொண்டு வட்டம் வட்டமாகப் போகவேண்டும்.

"கீழ வுழுந்த ஸ்பாஞ்ச எடுத்துத் தேய்க்காத பாப்பா. ஒரு பொடி மண்ணு ஒட்டியிருந்தாலும் கீறிப்போடும். அம்மா பாக்கறப்ப ஒரு கீறல் இருக்கக் கூடாது" என்றார்.

புளியமர நிழல் நகர நகரக் காரையும் தள்ளித் தள்ளி நிறுத்தித் தேய்த்தோம். பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி யாரும் என்னை விரட்டவில்லை. கறுப்புப் பால் போல அழுக்கு வழிந்தது. அதைப் பழைய வேட்டியால் துடைத்தால் உள்ளே இருந்து வேறொரு கார் எட்டிப் பார்த்தது. முதலில் புளியமரம் தெரிந்தது, பிறகு இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. மெழுகு போட்டு முடித்தபோது பின்கதவில் என்னையே பார்த்தேன். முன்பல் விழுந்த ஓட்டைகூடத் துல்லியமாகத் தெரிந்தது. நான் ஈயென்று இளித்தேன். அப்பாவும் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"இனி எருமைன்னு சொல்லட்டும் பாப்போம்" என்றார்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் கார் வந்து நின்றது. என்னை முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்து அழக் கூடாது, எதையும் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் தலையோடு துண்டைப் போர்த்தித் தூக்கிக் காரில் படுக்க வைத்த அம்மாவை, இங்கேயும் தூக்கித்தான் இறக்கவேண்டும் என்று அப்பா சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் நாலு பேர் நிற்கிறார்கள், நடந்துதான் வருவேன் என்றுவிட்டாள். அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முகத்தில் ஒரு பக்கம் தீய்ந்தது போலக் கறுத்து வீங்கியிருந்தது, வாய் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அழக் கூடாது என்பதற்காக நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால்கள் அம்மாவின் கால்களாகவே இருந்தன.

அப்பா கதவைச் சாத்தினார். அம்மா இரண்டு அடி வைத்தாள். பிறகு, பூசைக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமையில் செய்வது போலவே, முந்தானையைச் சரிசெய்யக் கதவுப் பக்கம் திரும்பிக் குனிந்தாள்.

அப்பா "ஏய்" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

குனிந்தவள் நிமிரவில்லை. கையைத் தூக்கிக் கன்னத்தைத் தொட்டாள். துண்டைக் கொஞ்சம் விலக்கித் தலையைப் பார்த்தாள். அங்கே முடி இல்லை. என்ன சொல்வாளோ என்று நான் காத்திருந்தேன், பாதிக் கதவு நான் தேய்த்ததாயிற்றே.

"அது வளைஞ்ச தகரம்" என்றார் அப்பா. அவர் குரல் அவருடையதாகவே இல்லை. "அதுல எல்லாமே கோணலாத்தான் தெரியும். நம்பாத."

அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். போய் ஒட்டி நின்றேன். கதவில் என் முகம் தெரிந்தது. இரட்டைச் சடை, பல் ஓட்டை, எல்லாம் உள்ளது உள்ளபடி. அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் அதில் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, இழுத்துக்கொண்ட வாயால் மெதுவாகச் சொன்னாள்: "சொன்ன மாதிரியே தேச்சுட்டீங்க."

உள்ளே வந்ததும் சுவரில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தாள். அத்தையிடம், "கண்ணாடிய எடுத்து மாட்டு. பாப்பாவுக்குத் தல வாரணும்" என்றாள். அத்தை மாட்டினாள். அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு, என்னை முன்னால் உட்காரவைத்து, காலையில்தான் பின்னிய சடையை அவிழ்த்து மறுபடி வாரினாள். எதிரே கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

"ரசம் பூசிட்டு வந்துடுச்சும்மா. நல்லாத் தெரியுது, இல்ல?" என்றேன்.

"ஆமா கண்ணு. நல்லாத் தெரியுது."

சடை பின்னி முடிவதற்குள் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பா எங்கோ போனார். பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தபோது கார் முழுக்கச் செம்மண். கதவு, கூரை, கண்ணாடி எதுவும் தெரியவில்லை. ஏரிப் பக்கத்து மண்பாதையில் சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கீழே விழுந்த ஸ்பாஞ்சைக்கூடத் தொடாமல் எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேய்த்தோம்! மிச்ச ஸ்பாஞ்சு வட்டங்களை அவர் அடுப்பில் போட்டதும் நான் ஓவென்று அழுதேன். ரப்பர் தீய்கிற நாற்றம் வீடெல்லாம் அடித்தது. அந்தக் காரை அவர் அதன்பிறகு துடைக்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன் அம்மாவை அடக்கம் செய்யப் போனபோதும் அந்தப் புழுதியோடுதான் அது பின்னால் வந்தது.

செம்மண்ணோடு கார் வந்த அன்று எனக்கு வெறும் கோபம்தான். அழுதுகொண்டே அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அப்பா வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா அந்த முதுகைப் பார்த்தாள். பிறகு அவருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எருமைன்னா அப்பிடித்தான் கண்ணு. குளிப்பாட்டி வுட்டா ஒடனே போயி மண்ணுல பொரளும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் பாதி வாயால் சிரித்தாள். அப்பாவின் தோள்கள் குலுங்கின. அவரும் எங்களோடு சேர்ந்து சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் பலமாகச் சிரித்தேன்.