அறிவிப்பில் கேட்ட மூச்சு

இது எனக்கு நடந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மீதிப் பேர் இப்போது ரயில் நிலையத்துக்குப் போனால் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் நாட்டில் எந்த ரயில் நிலையத்தில் நின்றாலும் நீங்கள் கேட்பது என் குரலைத்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பாளே, அவள் நான்தான். நாடு சின்னதல்ல. வடக்கு முனையில் ஏறினால் தெற்கு முனையில் இறங்க ஐந்து நாளாகும். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு நிலையங்களின் பெயர்களையும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பதினோரு வாரம் சொல்லித் தீர்த்தேன். அதில் பத்து ஊரைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத்தான் பதிவு செய்வார்கள். ஊர்ப்பெயர் தனி, எண் தனி, "தாமதமாக" தனி. கணினி வேண்டியதை எடுத்துக் கோத்துக்கொள்ளும். ஒலிப்பதிவாளருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ என் மூச்சுச் சத்தம் விழுந்தால் வெட்டி எறிந்துவிடுவார்.

"மூச்சு கேட்டா ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்மா. நமக்கு ஆள் வேண்டாம், குரல் போதும்," என்பார்.

எனக்கு ஒரே தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் அவனுக்கு எல்லாமே நான்தான். அவனை நான் 'வாண்டு' என்று கூப்பிடுவேன். அவன் என்னை 'ரேடியோ' என்பான், வாயை மூடவே மாட்டேனாம். இந்த இரண்டு பெயரும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

அவனுக்கு முதல் வேலை கிடைத்தது, நாட்டின் மறுகோடியில். மூன்றாம் நாள் மாலை ஒரு சின்ன நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். நான் வீட்டில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சரியாக 7:42க்குப் போன் வந்தது.

"அக்கா, இறங்கிட்டேன்."

"சாப்பிட்டியா?"

"ஆரம்பிச்சிட்டியா ரேடியோ! எட்டு அஞ்சுக்கு அடுத்த வண்டி, ரெண்டாவது பிளாட்பாரம். ஏறிட்டு சாப்பிடறேன்."

நாற்பது பேர் காத்திருப்பதாகச் சொன்னான். செம குளிராம். சும்மா பேசிக்கொண்டிருந்தோம்.

7:51. போனுக்குள் அறிவிப்பு மணி கேட்டது. டிங்... டாங்...

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

"கேக்குதா? நீதான்!" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"...இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்பட இருந்த வண்டி, ஆறாவது நடைமேடையிலிருந்து புறப்படும்."

என் குரல். என் சொற்கள். ஆனால் "கவனத்திற்கு" என்ற சொல்லுக்குப் பிறகு ஏதோ இருந்தது. மெல்ல உள்ளே இழுத்த ஒரு மூச்சு...

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"வாண்டு, மத்தவங்க எழுந்திருக்கிறாங்களா?"

"இல்லக்கா. ஒருத்தரும் அசையல. கவனிக்கல போல."

"போகாத. யாரையாவது கேளு."

"நீயே போன்னு சொல்ற, நீயே போகாதன்னும் சொல்ற. நான் எந்த அக்கா பேச்சைக் கேக்கறது?"

சிரித்தான். நடக்க ஆரம்பித்துவிட்டான்.

7:54. படி ஏறும் சத்தம். டக்... டக்... டக்... பதினெட்டுப் படிகள். எண்ணினேன்.

மறுபடி அறிவிப்பு. இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. அதே வரிகள். கடைசியில் மட்டும் ஒரு சொல் கூடுதலாக இருந்தது.

"சீக்கிரம்."

அந்தச் சொல்லை நான் பதிவு செய்ததே இல்லை. "விரைவில்" என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"திரும்பி வாடா. சத்தியமாச் சொல்றேன், அது நானில்ல."

"வண்டி நிக்குதுக்கா. லைட்டெல்லாம் எரியுது. இதை விட்டா நாளைக்குத்தான். சொன்ன தேதிக்கு வேலைல சேரணும்ல?"

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். நாடு முழுக்கக் கேட்கிற குரலால் ஒருவனை நிறுத்த முடியவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நான் வளர்த்த பிள்ளை ஒரு வண்டியில் ஏறுகிறான். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

7:58. கதவுச் சத்தம்.

அப்புறம் அமைதி...

"அக்கா..."

"என்னடா?"

"உள்ள யாருமே இல்ல..."

"இறங்கு! இறங்குடா!"

மூச்சு. மிக அருகில். அவன் காதுப் பக்கத்தில்.

"வாண்டு." என் குரல். "உட்காரு."

"நீ எப்படிக்கா இங்க..."

போன் கட்டானது.

அந்த நிலையத்தில் போனை எடுக்கவே நாற்பது நிமிடம் ஆனது. நிலைய அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். எட்டு ஐந்து வண்டி இரண்டாவது நடைமேடையிலிருந்து நேரத்துக்குப் போய்விட்டது என்றார். ஆறாவது நடைமேடையைப் பற்றிக் கேட்டேன்.

"இங்க மொத்தமே ரெண்டுதாம்மா. ஏறிப் போற பாலமும் கிடையாது, தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவோம்."

"அப்போ அந்த அறிவிப்பு?"

"ஸ்பீக்கரே இன்னும் மாட்டலையே. நாங்க கைமணிதான் அடிக்கிறோம்."

போலீஸ் தேடியது. நானும் போய்த் தேடினேன். இரண்டாவது நடைமேடையின் பெஞ்சில் அவன் பை இருந்தது, உள்ளே பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம். வேறெதுவும் கிடைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒலிப்பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். என் குரல் கிடங்கில், தான் பதிவு செய்யாத இரண்டு ஒலித்துண்டுகள் இருப்பதாகச் சொன்னார்.

முதலாவது, தம்பி காணாமல் போன அன்று மாலை 7:50க்குப் பதிவானது. போட்டுக் காட்டினார். ஒரு மூச்சு, பிறகு என் குரலில் "சீக்கிரம்... வாண்டு... உட்காரு". அந்த நேரத்தில் நான் வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, அவர் என்னைக் கூப்பிட்டதற்கு முந்தின நாள் மாலை 7:51க்குப் பதிவானது. அது என் குரல் இல்லை.

"ரேடியோ... ஆறாவது பிளாட்பாரம். சீக்கிரம் வா."

என் தம்பி. சந்தேகமே இல்லை. திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் அதைக் கவனித்தேன். சொல்லுக்கு முன்னால் இல்லை. இடையில் இல்லை. முடிவிலும் இல்லை.

"மூச்சை ஏன் வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"நான் எதையும் வெட்டலம்மா," என்றார். "வந்ததே இப்படித்தான்."