முனகல் மாமாவின் முழங்கால்

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் கால் திடமாக இருந்தது என்றால், அந்தப் புண்ணியம் லிஃப்ட்காரரைச் சேரும். அவருக்குப் பயந்தே பாதிப் பேர் படியேறிப் போனார்கள். மனுஷர் கெட்டவர் இல்லை, தங்கமான மனசு. ஆனால் வாயைத் திறந்தால் வியாதி. மரியாதைக்குக்கூட "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிடக் கூடாது. முதல் மாடிக்குப் போகிறவருக்கு முழங்கால் மட்டும். மூன்றாம் மாடிக்காரருக்கு முழங்காலோடு இடுப்பும் சேர்த்து. ஆறாவது மாடி இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர்கள் பாவம், உச்சந்தலை வரைக்கும் கேட்டாக வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அவர் கட்சி. அவருக்கும் ஒரு குறை இருந்தது. எந்த வலியையும் அவர் முழுசாகச் சொல்லி முடித்ததே கிடையாது. பாதியிலேயே மாடி வந்து கதவு திறந்துவிடும், கேட்டவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவிடுவார். கட்டடத்தில் அவருக்கு 'முனகல் மாமா' என்று பெயர்.

சரி, வீட்டிலாவது கேட்பார்களா? வீட்டில் இருந்தது ஒரே மகள், தாயில்லாப் பெண். டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று, நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் மயிரிழையில் கோட்டைவிட்டவள். படிப்பில் புலி. வாயோ அதற்கும் மேல். அப்பா "ஏம்மா, இந்த இடது பக்கம்..." என்று இழுப்பதற்குள், "வாயுப்பா. வெந்நீர் குடிங்க" என்று தீர்ப்பு எழுதிவிடுவாள். புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்துவதுகூடக் கிடையாது.

மூன்றாவது தடவைதான் கடைசி. அதற்கு மேல் வயது இடம் கொடுக்காது. அந்த நேரம் பார்த்தா தேர்வு நடத்துகிறவர்களுக்கு ஞானோதயம் வர வேண்டும்! எழுத்துத் தேர்வுக்கு இனிமேல் பாதி மதிப்பெண்தானாம். மீதிப் பாதிக்கு, நோயாளியாக நடிக்கும் ஒருவர் முன்னால் உட்கார்ந்து, அவரைப் பேசவிட்டு, உண்மையில் அவருக்கு என்ன குறை என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். குறுக்கே பேசினால் மதிப்பெண் போச்சு.

"இதென்னப்பா அநியாயம்!" என்று குதித்தாள் மகள். "எலும்பு எலும்பா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். இவங்க என்னடான்னா வாயை மூடிட்டு உக்காரச் சொல்றாங்க!"

வாயை மூடுவதா, இவளா? கிழிஞ்சது போ, என்று நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர்.

நினைத்த மாதிரியே ஆனது. கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். தலைவலி என்று வந்த 'நோயாளி' நாற்காலியில் உட்காருவதற்குள், கண்ணாடி மாற்றச் சொல்லிவிட்டாளாம். மதிப்பெண் பூஜ்யம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவளைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு என்கூட லிஃப்டுக்கு வா பாப்பா," என்றார். "உலகத்துலயே பெரிய நோயாளி உங்கப்பன்தான். என்னை வச்சுப் பழகிக்கோ."

மறுநாள் தன் ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். முழங்காலில் ஆரம்பித்தார். அவள் வாயைத் திறந்தாள். அவர் விரலை ஆட்டினார். மூடிக்கொண்டாள். ஆறாவது மாடி வந்து கதவு திறந்தது, அவள் இறங்கவில்லை. அடடா, அந்த சுகத்தை அவர் அனுபவித்ததே இல்லை! இத்தனை வருஷமாக அரைகுறையாக நின்ற வலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்துவைத்தார். நடுவில் ஏறிய இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மானேஜர், "காலைலேர்ந்து கேட்டுட்டு இருக்கியாம்மா? நீ டாக்டர் ஆன மாதிரிதான்!" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் மாடியிலேயே இறங்கி நடையைக் கட்டினார்.

மத்தியானத்துக்குள் சரக்குத் தீர்ந்துவிட்டது. முனகல் மாமாவுக்குச் சொல்ல வியாதி இல்லை! லிஃப்ட் காலியாக இறங்கிக்கொண்டிருந்தது. மகள் உதட்டைக் கடித்தபடி பொறுத்திருந்தாள். பிறகு மெதுவாக, "வேற ஏதாவது இருக்காப்பா?" என்று கேட்டாள்.

அவர் பட்டன்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ பாஸ் பண்ணிட்டா ஹாஸ்டலுக்குப் போயிடுவ. உங்கம்மா போனப்புறம், வலிக்குதுன்னா திட்டறதுக்காவது வீட்ல ஒரு ஆள் இருந்துச்சு. அதான் பாப்பா. முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

தரைத்தளம் வந்தது. கதவு திறந்தது. அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். எட்டி, கதவை மூடும் பட்டனைத் தானே அழுத்தினாள். இன்னொரு தடவை மேலே போய் வந்தார்கள்.

தேர்வில் அவளுக்கு வாய்த்தவர் வயிற்றுவலிக்காரர். வாயு என்று சொல்ல நாக்கு துறுதுறுத்ததாம். அடக்கிக்கொண்டு, அவர் எல்லாவற்றையும் கொட்டி முடித்த பிறகு, "வேற ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டாளாம். வேலை போனதை வீட்டில் மறைத்து வைத்திருக்கும் ஆள் என்று அப்போதுதான் வெளியே வந்ததாம். இடம் கிடைத்துவிட்டது. லிஃப்ட்காரர் மாடி மாடியாக மிட்டாய் கொடுத்தார். அன்றைக்கு ஒருத்தர்கூடப் படியில் போகவில்லை.

ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரமே போன் வந்தது.

"முழங்கால் எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இடுப்பு?"

"அதுக்கென்ன, அதுவும் நல்லா இருக்கு. நீ படிப்பைப் பாரு."

"வேற ஏதாவது?"

"ஒண்ணுமே இல்லம்மா. ஜம்முனு இருக்கேன்."

அந்தப் பக்கம் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"அவ்வளவு மோசமா இருக்காப்பா?" என்றாள் வருங்கால டாக்டர். "சனிக்கிழமை காலைல பஸ் பிடிச்சு வர்றேன்."