அம்மாவின் பெயருக்கு ஒரு கிண்ணச் சோறு

போன ஞாயிறு என் மகள் சாப்பாட்டுக் குச்சிகள் இரண்டையும் சோற்றில் நட்டுவிட்டு ரெலிபோனை எடுக்கப் போனாள். பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன். "அப்பா, உங்களுக்கென்ன விசரோ?" என்றாள். விசர்தான். பழைய விசர்.

யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த மறுவருடம் நான் ஜெர்மன் பேசும் பாடன் நகரில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அம்மா வன்னிப் பக்கம் போனதாகக் கேள்வி. ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. மனம் ஓரிடத்தில் நில்லாது. எத்தனை கோப்பை உடைத்தேன் என்று கேட்காதீர்கள்.

சமையல்காரரை நாங்கள் லாம் அண்ணை என்போம். குசினி மூலையில் அவருக்கு ஒரு சாமித்தட்டு இருந்தது. ஊதுபத்தியை வாயால் ஊதி அணைக்கமாட்டார், கையால்தான் விசுக்குவார். அதைப் பார்த்தே அவரை எங்கள் ஆளாக்கிவிட்டேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

ஓகஸ்டில் ஒருநாள், மத்தியான ஓய்வில், பின்கதவடியில் மேசை போட்டுச் சோறும் இறைச்சியும் தோடம்பழமும் அடுக்கினார். மஞ்சள் தாளில் தன் தாயின் பெயரை எழுதிவிட்டு, அரைகுறை ஜெர்மனில் என் அம்மாவின் பெயரைக் கேட்டார். என் புலம்பலை எப்படி விளங்கிக்கொண்டாரோ. எனக்கு அது அர்ச்சனை. நெஞ்சு நிறைந்து பெயரைச் சொன்னேன்; உத்தர நட்சத்திரம் என்றும் சொல்லிவைத்தேன். பாவம், மனிதர் வானத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பெயரையும் அதே தாளில் எழுதி, ஒரு கிண்ணச் சோற்றில் குச்சிகளை நட்டு அம்மாவின் பெயருக்கு முன்னால் வைத்தார். நானும் கும்பிட்டேன்.

எனக்கு முந்தி அங்கே வேலைக்குச் சேர்ந்த சிவம் சிகரெட்டோடு வெளியே வந்தவன், அப்படியே நின்றான்.

"டேய், அது செத்த ஆக்களுக்கு வைக்கிற படையலடா."

"அம்மா இருக்கிறா" என்றேன். இருக்கிறா என்று எனக்கு யார் சொன்னது?

சிவம் அதை ஜெர்மனில் சொன்னதும் லாம் அண்ணையின் முகம் வெளுத்தது. குச்சிகளைப் பிடுங்கினார். எரிக்கவிருந்த தாளில் அம்மாவின் பெயரை மட்டும் கிழித்து என் சட்டைப்பைக்குள் திணித்தார். உயிரோடு இருப்பவர்கள் சாப்பிட்டால் அது வெறும் சோறுதான் என்று சொல்லி, அந்தக் கிண்ணத்தை என் கையில் தந்தார். மூவருமாக, நின்றபடியே, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தோம்.

இதையெல்லாம் நான் நம்பவில்லை என்று சிவத்திடம் சொன்னேன். ஆனால் தபால்காரி ஒருதரம் வரும் பெட்டியை மூன்றுதரம் திறந்து பார்த்தேன். ஏழு கிழமைக்குப் பிறகு அம்மாவின் கடிதம் வந்தது. முதலில் பார்த்தது திகதியை. படையலுக்கு ஒன்பது நாள் பிந்திய திகதி. லாம் அண்ணை அடுப்பை அணைத்துவிட்டு அழுதார்.

அம்மா பிறகு பதினொரு வருடம் இருந்தார். அவர் போன செய்தி வந்த அன்று, ஏனோ நேரே அந்தக் கடைக்குத்தான் போனேன். அங்கே மூக்குக்கண்ணாடி விற்றார்கள். லாம் அண்ணை ஊருக்குத் திரும்பினாரா, இங்கேயே எங்காவது இருக்கிறாரா, சொல்ல ஒருவரும் இல்லை. ஓகஸ்ட் வந்தால் அவருக்கும் ஒரு கிண்ணம் வைப்போமா என்று கை துடிக்கும். உயிரோடு இருந்தால் என்ற பயத்தில் விட்டுவிடுகிறேன்.