நாலு டயரும் ஓர் இருக்கையும்

மணியத்துக்கு மலைத்தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் சாமான் ஸ்டோரில் வேலை. பெல்ட், கிரீஸ், போல்ட், லோரி டயர் என்று எது வேண்டுமானாலும் அவரிடம்தான் வந்து கேட்க வேண்டும். குமாஸ்தாவைக் கிராணி என்று சொல்லும் தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் ஸ்டோர் கிராணி. எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் எழுபத்தைந்தாம் ஆண்டு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நிறுத்தியபோது, அக்கம்பக்கத்தில் அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

கார் தோட்டத்து உதவி மேனேஜரான வெள்ளைக்காரச் சின்னதுரையுடையது. அவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது அதை வாங்க ஆளில்லை. இரண்டே பேர் உட்காரலாம். மழை வந்தால் உள்ளேயும் நனையும். தோட்டத்து ரோட்டில் ஒரு கல் தலைதூக்கி நின்றாலும் காரின் வயிறு உரசிவிடும். எஞ்சினும் அப்போது உயிரை விட்டிருந்தது. மணியம் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்தார், பூட்டினார், மறுபடி பிரித்தார். வருடங்கள் ஓடின. அவர் மனைவி திலகம் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் இருந்தாள். வேலை முடிந்து வந்தால் அந்தக் காரின் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்துதான் காப்பி குடிப்பாள். குனிந்து வேலை செய்பவரோடு பேச அதுதான் வசதியான இடம்.

"இது ஒருநாள் ஓடுமாங்க, இல்ல நான் இதுலயே உக்காந்து கெழவி ஆயிடணுமா?"

"ஓடும்லா. நல்ல டயர் மட்டும் போட்டுட்டா ஒன்ன கோலாலம்பூருக்கே கூட்டிட்டுப் போறேன்."

எஞ்சின் ஓடவும் செய்தது. ஆனால் டயர்கள் நின்றே கிழடு தட்டியவை. பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தன. அவற்றை நம்பி, பக்கத்துச் சின்ன ஊரான ரிங்லெட்டைத் தாண்டி மலையைவிட்டுக் கீழே இறங்க மணியத்துக்குத் துணிவு வரவில்லை. அதனால் திலகத்தின் பயணமெல்லாம் ரிங்லெட் வரைக்கும்தான். அங்கே ஒரு டீ, திரும்ப வீடு.

எண்பத்து மூன்றில் பழைய கார் வைத்திருப்போர் கழகத்தைச் சேர்ந்த சிலர் வரிசையாகக் காரோட்டி மலைக்கு வந்தார்கள். சிவப்புக் காரைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். கோலாலம்பூர்ப் பக்கம் பத்து தீகா என்ற ஊரில் இருக்கும் பந்தயத் தடத்தை ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுக்கிறோம், போட்டி எதுவும் இல்லை, அவரவர் காரை அவரவர் ஆசைக்கு ஓட்டிப் பார்க்கலாம், நீங்களும் வாருங்கள் என்றார்கள். எதிரே லோரி வருமா என்று ஹாரன் அடித்து ஹாரன் அடித்தே வளைவுகளைத் திரும்பிய மனிதருக்கு, எதிரே எதுவுமே வராத ஒரு ரோடு. மணியம் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

இனி டயர். மலையடிவாரத்துத் தாப்பாவில் டயர் கடை வைத்திருந்த நாகப்பன் இரண்டு விதத்தை எடுத்துப் போட்டார்.

முதலாவது, பந்தயக்காரர்கள் ஓட்டிக் கழித்தது. மேலே கோடுகள் பேருக்குத்தான் இருந்தன. "நகத்தால அமுத்திப் பாருங்க கிராணி. மெத்துன்னு இருக்கா? வெயில்ல சூடேறுச்சுன்னா ரோட்ட விடாது. ஆனா இதுல மலை ஏறாதீங்க. குளிருல சூடும் ஏறாது, மழையில தண்ணியும் வெட்டாது. சோப்பு மாதிரி போயிடும்."

இரண்டாவது, சாதாரண ரோட்டு டயர். ரேடியல், புதியது, கோடுகள் ஆழமானவை. மழையோ வெயிலோ இரண்டுக்கும் ஆகும். "பந்தயத்துல இது மத்தவன் பின்னாடி போற டயர்தான். ஆனா வீட்டுக்குக் கொண்டாந்து சேர்த்துடும்."

மணியத்தின் கை மெத்தென்றிருந்த டயரை விட்டு வரவில்லை. வழி அவருக்கு உடனே தெரிந்தது. சின்னதுரை விட்டுப்போன உபரிச் சக்கரங்கள் நான்கு இருக்கின்றன. பந்தய டயரை அவற்றில் பூட்டிக்கொள்ளலாம். ரோட்டு டயரில் இறங்கி, தடத்தில் மாற்றி ஓட்டி, திரும்ப மாற்றி மலையேறலாம். காரின் பின்பெட்டியில் இரண்டு சக்கரம் அடங்கும். மற்ற இரண்டு?

அந்தக் கேள்வியோடு மலையிலேயே இருக்கும் திரிங்காப்புக்குப் போனார். அங்கே காய்கறி வியாபாரி ரெங்கசாமியின் லோரிகள், கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் மூட்டைகளோடு தினமும் கீழே இறங்குகிறவை.

"சனிக்கிழம என் லோரி கோலாலம்பூர் பக்கம் போகல, வடக்க பினாங்குக்குப் போவுது கிராணி. வேணும்னா ஒங்க சக்கரம் பினாங்கச் சுத்திப் பாத்துட்டு வரட்டும்," என்றார் ரெங்கசாமி. "அட, பக்கத்து சீட்டு சும்மாதானே இருக்கு? அதுல அடுக்குங்க. திலகத்த பஸ்ஸுல வரச் சொல்லுங்க."

வீட்டில் மணியம் இதைச் சொல்லத் தொடங்கும்போதே திலகத்துக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல வர்றதுக்கு ஒங்க காரு எதுக்குங்க?"

"ஒரு நாள்தானே திலகம்."

"ஒரு நாள்தான். நல்ல டயரு வந்தா எனக்கு எடம்னு சொன்னீங்க. இப்ப டயருக்கே எடம்னு சொல்றீங்க." கோபமில்லாத குரல்தான். "டயருக்கே ஒரு சேலையக் கட்டி உக்காத்தி வச்சுக் கூட்டிட்டுப் போங்க. கேக்குறவங்ககிட்ட சம்சாரம்னு சொல்லிக்கலாம்."

மணியம் சிரிக்கப் போய், நடுவில் நிறுத்திக்கொண்டார். அவள் மறுபடி அரிசியில் குனிந்துவிட்டாள். அடுத்த இரண்டு மாலைகளும் காப்பியைக் காருக்குக் கொண்டுவராமல் சமையல்கட்டிலேயே குடித்தாள். மூன்றாம் நாள் மணியம் தாப்பாவுக்குப் போய், ஆழக் கோடு போட்ட ரோட்டு டயர் நான்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். மனசு முழுதாக ஒப்பவில்லை. ஆனாலும் வாங்கிவிட்டார்.

புறப்படும் நாள் விடியலில் பனி மூட்டம் தேயிலைச் செடிகளின் மேலேயே படுத்திருந்தது. மணியம் காரைத் தொழிற்சாலைக் காற்றுக் குழாயருகே நிறுத்தி நான்கு டயருக்கும் காற்று அடித்தார். திலகம் புதுச் சேலையும் கம்பளிச் சட்டையுமாக ஏறி உட்கார்ந்தாள். ரிங்லெட்டைத் தாண்டியதும் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் உடம்பு தானாக உள்பக்கம் சாய்ந்தது. அத்தனை வருடம் அந்த இருக்கையில் உட்கார்ந்த பழக்கம்.

இரவைக் கோலாலம்பூரில் திலகத்தின் தங்கை வீட்டில் கழித்து, மறுநாள் பத்து தீகாவுக்குப் போனார்கள். தார் தகித்தது. மணியம் இரவல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரோடு தடத்தில் இறங்கினார். முதல் வளைவிலேயே கார் வழுக்கியது. அடுத்ததில் முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளியே நழுவியது. அவருடையதைவிடப் பழைய கார்கள் சாவகாசமாக முந்திக்கொண்டு போயின. அவற்றில் பாதிக்கு மேல் ரோட்டு டயரில்தான் வந்தவை என்பது அப்போது அவர் கண்ணில் படவில்லை. அந்த மெத்தென்ற டயர் மட்டும் இருந்திருந்தால், என்றுதான் மனம் திரும்பத் திரும்பச் சொன்னது.

தடத்தைவிட்டு உள்ளே வந்து காரை நிறுத்தினார். திலகம் தண்ணீர் கொடுத்தாள்.

"என்னங்க, முகம் இப்படி இருக்கு?"

"டயரு சரியில்ல," என்றார். அதைச் சொன்னபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கொடுத்த குவளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இந்த இருக்கையை உனக்குக் கொடுத்ததால் வந்தது என்று சொல்லாமல் சொல்லிவிட்டோம் என மணியத்துக்கு உடனே உறைத்தது. உறைத்ததை மறைக்க, ஏதோ வேலை இருப்பதுபோலக் குத்துக்காலிட்டு முன் டயரைத் தொட்டுப் பார்த்தார்.

நடுப்பகுதி கை வைக்க முடியாமல் சுட்டது. அங்கே மட்டும் ரப்பர் சுரண்டுபட்டிருந்தது. இரண்டு ஓரங்களும் கடையில் வாங்கியபடி மினுமினுப்பாக இருந்தன. மற்ற மூன்றும் அப்படித்தான். டயர் பாதி அகலத்தில்தான் ரோட்டைத் தொட்டிருக்கிறது.

மலையில் லோரி இறங்குவதற்கு முன்னால் காற்றை நன்றாக இறுக்கி அடிப்பது வழக்கம். பாரத்தோடு வளைவுகளில் டயர் நசுங்கக் கூடாது. இத்தனை வருடம் ஸ்டோர் வாசலில் லோரிகளுக்கு அடித்த கை, நேற்று விடியலிலும் யோசிக்காமல் அதே இறுக்கத்துக்கு அடித்துவிட்டது. அதுவும் மலைக்குளிரில். கீழே இந்த வெயிலுக்கு அந்தக் காற்று உப்பி, டயர் கல்லாகிப் போயிருக்கிறது.

"டயரு நல்ல டயருதான் திலகம்," என்றார் எழுந்து. "காத்துதான் ஜாஸ்தி. லோரிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சுட்டேன்."

திலகம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் என்ன நாலு மூட்ட கோபிஸ் கனமா இருக்கேன்?"

பக்கத்துக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கேட்டுச் சிரித்துவிட்டார். மணியம் ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கினார். அவர் குனிந்த இடமெல்லாம் அவள் கூடவே வந்து நின்று, கழற்றிய மூடியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை இறங்கியபோது கார் சொன்னதைக் கேட்டது. எல்லாரையும் முந்தியது என்றில்லை. சிலரை முந்தினார், சிலர் அவரை முந்தினார்கள். வளைவில் திருப்பினால் திரும்பியது. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

பிற்பகலில், கடைசியாகத் தடத்தில் இறங்கும்போது பக்கத்தில் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று கழகத்தார் சொன்னார்கள். மணியம் இன்னொரு ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வந்தார். கொண்டை இடித்தது. திலகம் அதை அவிழ்த்துப் பின்னலாக முறுக்கிச் சேலைக்குள் செருகிக்கொண்டு ஏறினாள். மணியம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து முன்னால் போவதுபோல் மெதுவாக ஓட்டினார். அரைச் சுற்றுக்குள் ஒரு பச்சைக் கார் அவர்களைத் தாண்டியது.

"அவன் போறான் பாருங்க."

"போவட்டும்."

"ஏன் போவட்டும்?"

மணியம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அவள் பார்வை பச்சைக் காரின் மேல்தான் இருந்தது. இரண்டு கையாலும் இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வரப்போகும் வளைவுக்கு முன்னதாகவே உள்பக்கம் சாய்ந்துவிட்டிருந்தாள். அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தினார்.