பதவியேற்புப் பேச்சை ஓட்டுகிறவள்

வாணலியில் முட்டை பொரிகிறது. வினோனா ஸ்டைல்ஸின் பார்வையோ அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் செல்போன் திரையில், அங்கே பேசிக்கொண்டிருக்கும் மனிதரின் மூக்கு நுனியில் இருக்கிறது. அவர் மூச்சை இழுத்தால் இவளும் இழுக்கிறாள். அவர் நிறுத்தினால் இவள் கையிலிருக்கும் கரண்டியும் அந்தரத்தில் நிற்கிறது.

"நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கறாரு மனுஷன். சின்ன வயசுல நீச்சலே அடிச்சதில்ல போல," என்று பூனையிடம் சொல்கிறாள். முட்டை கருகிவிட்டது. கருகியதையே சாப்பிடுகிறாள்.

இன்னும் பன்னிரண்டு நாளில் அந்த மனிதர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்கப் போகிறார். பதவியேற்றதும் அவர் பேசவேண்டிய பேச்சு, முன்னால் நிற்கும் இரண்டு கண்ணாடித் தகடுகளில் வரிவரியாக மேலேறும். அந்த வரிகளை ஏற்றும் சின்னச் சக்கரம், மேடைக்கு அடியில் ஒரு பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் வினோனாவின் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இது நாலாவது பதவியேற்பு.

பேச்சு நாளில் காப்பி குடிக்க மாட்டாள், விரல் நடுங்கும். குடுவையில் கோழி சூப் மட்டும். ஜனவரிக் குளிர் எலும்பைக் குடைந்தாலும் வலது கையில் உறை போட மாட்டாள். தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போதுகூட அந்தக் கட்டைவிரல் தொடைமேல் உருண்டுகொண்டே இருக்கும். "நம்ம பாதிரியாருக்கு ஓட்டறது ரொம்ப கஷ்டம். வளைவுல பிரேக்கே போட மாட்டாரு."

எத்தனையோ மேடைகளுக்குச் சக்கரம் சுற்றியவள். பேச்சைப் பற்றி அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. "ஓட்டுக் கேக்கற பேச்சு காதலிக்கறப்போ பேசறது. என்ன வேணாலும் அளக்கலாம். பதவியேத்துட்டுப் பேசறது, கல்யாணம் ஆன மறுநாள் மாமியார் சமையல்கட்டுல நின்னு பேசறது. அந்த வீட்டுல யாரு உன்ன வேணாம்னு சொன்னாங்களோ, அவங்களப் பாத்துதான் முதல்ல சிரிக்கணும்."

அவளை வேண்டாம் என்று சொன்ன ஒருவன் இருந்தான். உடன்பிறந்த தம்பி டெல்பர்ட். கொதிகலன் பழுதுபார்ப்பவன், முக்கால் மணி நேரப் பயணத்தில் ஃபிரெட்ரிக் ஊரில் இருக்கிறான். தோற்றுப்போன வேட்பாளரின் பெயர்ப்பலகையைத் தன் புல்வெளியில் நட்டுவைத்து, மழையில் சாய்ந்தபோதெல்லாம் நிமிர்த்தி வைத்தவன். நவம்பரில் வென்றவர் வெற்றிப் பேச்சு பேசினார். அதற்கும் சக்கரம் சுற்றியவள் வினோனாதான். "நம்மால் முடியாது என்று சொன்னவர்களே, எங்கே உங்கள் முகம்?" என்று ஒரு வரி. கூட்டம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது. பேச்சு முடிந்த மறுநிமிடம் அவள் தொலைபேசி அடித்தது.

"அக்கா, என் முகத்த எங்கேன்னு கேட்டது உன் விரலுதானே?"

அவ்வளவுதான். இருபது வருடமாக ஒரு வாரம்கூடத் தவறாத ஞாயிற்றுக்கிழமை விருந்து நின்றுபோனது. அன்றிலிருந்து வினோனா இரண்டு தட்டு எடுத்துவைப்பதும், ஒன்றைத் திரும்ப அடுக்குவதுமாக இருந்தாள். பாவம், அழுதால் கண் வீங்கும், திரை மங்கலாகும் என்று அழுகையைக்கூட அடக்கிக்கொண்டாள்.

ஒத்திகை ஒரு விடுதியின் நிலவறைக் கூடத்தில் நடந்தது. பேச்சை எழுதியவர் ஹாலிஸ், நாற்பதைக் கடந்த, நகம் கடிக்கும் மனிதர். வினோனா சக்கரத்தை உருட்டினாள். மூன்றாம் பக்கத்தில் அதே வரி மேலேறி வந்தது. எங்கே உங்கள் முகம்?

எழுதியதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. அவள் தொழிலின் முதல் சட்டம் அது. முப்பது வருடமாக அதை மீறியதில்லை. அன்று சக்கரம் நின்றது.

"மேடம், மெஷின்ல ஏதாவது கோளாறா?" என்றார் ஹாலிஸ்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. இந்த வரில என் தம்பி டிவிய அணைச்சிடுவான்."

"உங்க தம்பி யாரு?"

"உங்களுக்கு ஓட்டுப் போடாதவன். நாட்டுல பாதிப் பேரு."

"மேடம், தேர்தல் முழுக்க அதிகமா கைதட்டு வாங்கின வரி இது!"

"அதத்தான் நானும் சொல்றேன். கைதட்டினவன் ஏற்கெனவே உங்காளு. அவனுக்கு எதுக்குப் பேசணும்? அவனுக்குக் கையாட்டினாலே போதும்."

வேலை போயிற்று என்றே நினைத்தாள். ஹாலிஸ் ஒரு நகத்தை முழுதாகக் கடித்துத் துப்பிவிட்டு, தாள்களைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். அன்று அவர் திரும்பி வரவில்லை.

பதவியேற்பு நாள் காலையில்தான் இறுதிப் பிரதி அவள் கைக்கு வந்தது. படித்துப் பார்க்க நேரமில்லை. நண்பகலில் உறுதிமொழி முடிந்தது, பீரங்கிகள் முழங்கின, அவள் சக்கரத்தைத் தொட்டாள். மூன்றாம் பக்கம் வந்தது. மேலேறியது புதிய வரி: "எனக்கு ஓட்டுப் போடாதவர்களே, முதலில் உங்களிடம் பேசுகிறேன். இன்று முதல் உங்களுக்கும் நான்தான் வேலையாள்."

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெருங்கூட்டம் சட்டென்று அடங்கியது. மேலே பேசுகிறவர் மூச்சை இழுத்தார், கீழே அவளும் இழுத்தாள். பிறகு எங்கோ கடைசி வரிசையில் ஒருவர் தட்ட, அது மழை நெருங்கி வருவதுபோல முன்னால் வந்து சேர்ந்தது.

எல்லாம் முடிந்து, வாத்தியக்குழு அணிவகுத்துக் கிளம்ப, வினோனா சக்கரத்தின் கம்பிவடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது.

"ஏன்க்கா, உன் ஆளு கடைசில ரெண்டு தடவ முடிக்கிறாரே! 'கடவுள் காப்பாத்தட்டும்'னா ஒரு தடவ சொன்னாப் பத்தாதா? இங்க அடுப்புல கறி தீயுது."

"கடைசி வரைக்கும் பாத்தியாடா?"

"ரிமோட்ல பேட்டரி இல்ல."

"எழுந்து போய் அணைக்கறதுதானே?"

"முட்டி வலி." கரண்டியால் சட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. "நடுவுல ஒரு எடத்துல கொஞ்சம் வேகமா ஓட்டிட்ட. சொல்லலாம்னுதான் போன் பண்ணேன். வேற ஒண்ணுமில்ல."

"எந்த எடம்? சொல்லு, கேக்கறேன்."

டெல்பர்ட் ஆரம்பத்திலிருந்து குறை சொல்லத் தொடங்கினான். வடம் சுருட்டி முடிந்துவிட்டது. சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வினோனா தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சுருட்டிய வடத்தை மறுபடி முழுக்கப் பிரித்துப் போட்டு, முதலிலிருந்து சுருட்ட ஆரம்பித்தாள்.