உள்ளங்கைக்குப் பின்னால் ஓடிய படம்

படம் ஓட்டும் கருவியின் முன் பெரியப்பா உள்ளங்கையை வைத்ததும் சுவர் இருண்டுவிடும். விரலிடுக்குகளில் மட்டும் ஒளி செந்நிறமாய்க் கசியும். என் சிறுவயதை நினைக்குந்தோறும் முதலில் தோன்றுவது அந்தக் கைதான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணிபுரிந்து ஓய்வூதியத்தோடு காரைக்காலுக்குத் திரும்பியவர் அவர்; சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா, தெருவில் ‘சொல்தா வீடு’ என்றால் எங்கள் வீடு. கொண்டுவந்த பொருள்களுள் அந்தக் கருவியும் சில கார்ட்டூன் சுருள்களும் இருந்தன. ஞாயிறுகளில் பொழுது சாய்ந்ததும் கொல்லைப்புறச் சுவரில் படம் ஓட்டுவார். கப்பலேறிச் செல்லும் பூனையின் படமே எங்களுக்கு உயிர். ஆனால் பூனை ஒரு தீவில் இறங்கியதும் அவர் கை குறுக்கே வந்துவிடும். “அப்பா, பூனையக் காணோம், உங்க ரேகைதான் தெரியுது” என்று அவர் மகன், என் அண்ணன், கத்துவான். “அந்த எடத்துல சுருள் கெட்டுக் கெடக்குடா” என்பார். பூனை மீண்டும் கப்பலேறிய பிறகே கை விலகும்.

ஒரு மாலை, வாசலில் யாரோ அழைக்க, அவர் எழுந்து போனார். தீவு முழுவதும் சுவரில் தெரிந்தது. மை போன்ற உடல், முகத்தில் பாதியை அடைத்த உதடு, தலைமுடியில் எலும்பு. அத்தகைய மனிதர்கள் பூனையைக் கொப்பரையிலிட்டுச் சுற்றி ஆடினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பையன் என்னைக் காட்டி, “இந்தா, தீவுக்காரி ஒண்ணு இங்கயே ஒக்காந்திருக்கு” என்றான். வீட்டில் கறுப்பு நான்தான். சிரிப்பு பெருகியது. நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அது நான்தான் என்று உறுதியாகிவிடுமோ என்ற பயம்.

திரும்பி வந்த பெரியப்பா அதைக் கேட்டபடி நின்றிருந்தார். கருவியை நிறுத்தினார். எல்லோரும் கலைந்தபின் என்னிடம், “அந்த ஆளுங்க ஊர்ல நான் இருந்திருக்கேம்மா. அங்க யாரும் இப்படி இல்ல. பட்டாளத்துல என்னையே இந்தப் படத்தச் சொல்லித்தான் கூப்புட்டானுங்க” என்றார்.

“பின்ன ஏன் பெரியப்பா வச்சிருக்கீங்க?”

நெடுநேரம் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பூன நல்லாருக்குல்ல” என்றார்.

‘தீவுக்காரி’ என்ற பெயர் என்னோடு தங்கிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னிலையிலும் ஒருவர் வாய் தவறிச் சொன்னார். இன்றும் கல்யாண வீடுகளில் வயதான உறவினர் சிலர் அப்படித்தான், அதுவும் அன்போடு, அழைக்கிறார்கள். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

சென்ற மாதம் அண்ணனின் பேத்தி பிரான்சிலிருந்து வந்திருந்தாள். அவள் கைப்பேசியில் அதே பூனை. படத்துக்கு முன்னால் ஓர் அறிவிப்பு தோன்றியது. “இதுல சில சனங்களக் கேவலமா வரைஞ்சிருக்கு, தெரிஞ்சு பாருங்கன்னு போட்ருக்காங்க பாட்டி” என்று படித்துச் சொன்னாள். நல்லதுதான். பெரியப்பா இருந்திருந்தால் அவரும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார்.

பூனை தீவில் இறங்கியது. என்னையறியாமல் என் உள்ளங்கை திரைமேல் போயிற்று.

“கை பட்டா நின்னுடும் பாட்டி” என்றாள்.

அன்று பெரியப்பாவின் கைக்குப் பின்னால் படம் ஓடிக்கொண்டே இருந்தது. சற்றுப் பொறுத்திருந்தால் தீவு கடந்துவிடும். என் கைக்கடியில் அது நகரவில்லை. எத்தனை நேரம் மூடியிருந்தாலும், எடுக்கும்போது அதே முகம்தான் அங்கே இருக்கும். வைத்த கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.