எந்தப் பனி, கம்பவுண்டரே?

சித்திரபுரத்திலிருந்து அந்தப் போன் வந்தபோது நான் எருத்தேன்பதியில் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா காலைல போயிட்டாங்க" என்றாள் ஞானசௌந்தரி அக்காவின் மகள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுபதுகளில் மூணாறுப் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்றில் அக்கா லேப் டெக்னீஷியன், நான் கம்பவுண்டர். அங்கே உடன் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். நான் செய்த ஒரு தப்பு தெரியாது. அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு வழியில்லை.

லேப் என்றால் ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடிக்கும் மைக்ராஸ்கோப், அவ்வளவுதான். மூடுபனி இறங்கினால் வெளிச்சம் போதாது. அந்த நேரம் அக்காவிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. வெயில் விழுந்த ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் பெருத்து, வெளுத்து, உள்ளே பொடிப்பொடியாய்ப் புள்ளி போட்டுக் கிடந்தது. "இது சாதா மலேரியா. ஒரு கிருமி உள்ள போனதுக்கு சிவப்பணு எப்படி உப்பிப்போச்சு பாத்தீங்களா?" என்றார்.

"இன்னொரு வகை இருக்கு, கம்பவுண்டரே. அதுதான் ஆளக் கொல்றது. அது புகுந்த அணு உப்பாது, வெளுக்காது. பாத்தா யோக்கியன் மாதிரியே இருக்கும். ஆனா வெளித்தோல்ல குமிழ் குமிழா முளைக்க வச்சு, அதால ரத்தக் குழாய்ச் சுவர்ல போயி ஒட்டிக்கிடும். விரலக் குத்தினா சிக்காது." டாக்டர் கொடுத்த ஒரு பத்திரிகையில் அந்தக் குமிழ்களின் படம் வந்திருந்தது. அக்கா அந்தப் பக்கத்தைத் தன் பைபிளுக்குள் வைத்திருந்தார். "சுத்திக்கிட்டே இருந்தா மண்ணீரல் வடிகட்டிரும்னு அதுக்கு யாரு சொன்னா? கரு கூட இல்லாத வெறும் பை அந்தச் சிவப்பணு. அதுக்குள்ள குடிபோயி வீட்டையே மாத்திக் கட்டுதே. ஆண்டவரே, இதையும் நீர்தானா படைச்சீர்?" அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் லாரி டிரைவர் பால்ராஜ், ஒரிசாப் பக்கம் லோடு இறக்கிவிட்டுப் போடிமெட்டு ஏறி வீடு வந்தவர், காய்ச்சலோடு வார்டில் படுத்தார். முதல் ஸ்லைடில் ஒன்றுமில்லை. மறுநாள் காலை நான் சார்ட்டோடு போனேன். பால்ராஜ் கண்மூடிக் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி எஸ்தர். "ஏனுங்க, பனி விட்டுச்சுங்களா?" என்று கேட்டேன். எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் விட்டுச்சுய்யா" என்றது. காய்ச்சல் இல்லை என்று எழுதினேன். தெர்மாமீட்டர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. சோம்பேறித்தனம், வேறென்ன.

எஸ்டேட்டின் வேறொரு டிவிஷனுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். காய்ச்சலும் இல்லை, ஸ்லைடும் சுத்தம், மதியம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அக்கா ஊசியோடு வார்டுக்கு வந்தார். "ஒத்த ஸ்லைட நம்பி ஆள அனுப்பப்படாது" என்றபடி பால்ராஜின் கையைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்தார். "ஏம்மா, காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"காய்ச்சல் எங்கக்கா விட்டுச்சு? ராவெல்லாம் அனலாக் கொதிச்சாரு. அய்யா பனியக் கேட்டாரு, மலையில இப்பத்தான் விட்டுச்சுன்னு சொன்னேன்."

எல்லையோரத்து எங்கள் எருத்தேன்பதியில் மலையாளம் கலந்து பழகிய வாய்க்குக் காய்ச்சல்தான் பனி. மலைமேல் பிறந்த எஸ்தருக்குப் பனி என்றால் பனிதான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பால்ராஜைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் கண் திறக்கவில்லை. விரலைக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு லேபுக்கு நடந்தார்.

அன்று பனி விலகியது ஒரு விதத்தில் புண்ணியம், வெயில் இருந்தது. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. நான் வாசலில் நின்று, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அந்த மனுஷன் செத்தால் என் கையெழுத்தால் செத்தான் என்று ஆகும். வெகுநேரம் கழித்து, "வந்துட்டான்" என்றார். பார்த்தேன். வழக்கமான அளவில், வழக்கமான நிறத்தில் ஒரு சிவப்பணு. உள்ளே மயிரிழை மோதிரம் போல ஒரு கிருமி. "தாயெல்லாம் உள்ள சுவர்ல ஒட்டியிருந்திருக்கு. இப்ப வெடிச்சுக் குஞ்சு வெளிய வந்திருக்கு. இதத்தான் நேத்துப் பாக்க முடியல." ஆள் அனுப்பி டாக்டரைத் திருப்பிக் கூட்டி வந்தோம். கொய்னா மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலை பால்ராஜ் கண்ணைத் திறந்து பால் ஊற்றாத கட்டஞ்சாயா கேட்டார்.

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. நானே டாக்டரிடம் போய்ச் சொல்லித் திட்டு வாங்கினேன். அதன்பின் நான் எந்தச் சார்ட்டை நீட்டினாலும், "எந்தப் பனி, கம்பவுண்டரே?" என்பார். ரிட்டயர் ஆகும்வரை விடவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. பனி விட்டதும் எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பெட்டியைத் தூக்க வந்தவர்களில் பால்ராஜும் இருந்தார், தலை முழுக்க நரைத்து. எஸ்தர் என்னிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது நெசப் பனிதான்யா" என்றது.

இப்போதும் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் சொன்னாலும் நம்பாமல் நானே தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான். அடக்கத்தன்று பெட்டியை எடுக்கக் காத்திருந்தபோதும் அதைத்தான் மனசுக்குள் கேட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பனி விட்டது.